சம்பளம் குறைந்தால் சமாளிக்கலாம், நகையை மாற்றி வைத்துக்கொண்டே இருந்தால் முடியாது

கேள்வி: கோவை சரவணம்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் பம்ப் கம்பெனி ஒன்றில் மேலாளர், கையில் வருவது 92,000 ரூபாய், வருடத்துக்கு ஒரு லட்சம் போனஸ். இவர் ஐ.டி.யில் 11 வருடமாக இருக்கிறார், 68,000 வருகிறது. மாமியாருக்குப் பக்கவாதம், மகள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்கலாமா, 92,000-ல் குடும்பம் ஓடுமா என்று கேட்கிறார். மாதச் செலவுப் பட்டியலும் அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "கொழுந்தனாருக்காக என் நகையில் 14 லட்சம் கடன் இருக்கிறது, அதற்கு மாதாமாதம் எதுவும் கட்ட வேண்டியதில்லை, வருடா வருடம் மாற்றி வைத்துக்கொள்கிறோம். இப்போது இன்னும் 4 லட்சம் கேட்கிறார்."

பதில்:

பட்டியலை இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்புகிற உங்களுக்கு, ஹோட்டல் செலவைக் குறையுங்கள், பட்ஜெட் போடுங்கள் என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன், ஏனென்றால் ராத்திரி தூக்கம் வராமல் நீங்கள் யோசிக்க வேண்டியது அதைத்தான். வேலையை விடுவது அடுத்த கேள்வி.

நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 2021 நவம்பரில் 32 பவுனை வைத்து 4.5 லட்சம் வாங்கி முழுவதையும் கொழுந்தனாரின் திருப்பூர் தையல் யூனிட்டுக்குக் கொடுத்தீர்கள். அடுத்த வருடம் மாற்றி வைத்து 5.5 லட்சம், அப்புறம் 7, அப்புறம் 9.5, போன நவம்பரில் 14. வட்டி 9 சதவீதம். இந்த நாலு வருடத்தில் அவர் கைக்குப் போனது சுமார் 10.6 லட்சம். ஒரு லட்சம் போல உங்கள் வீட்டுச் செலவுக்கே போயிருக்கிறது, பள்ளிக் கட்டணம் கட்டினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 2.4 லட்சம் எங்கே? அது வட்டி. உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய் கூடப் போகாத மாதிரி இருந்தது, ஆனால் ஒவ்வொரு வருட வட்டியையும் புதுக் கடனிலிருந்து கட்டியிருக்கிறீர்கள்.

மாற்றி வைப்பது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். காலையில் ஒருவரிடம் கைமாற்று வாங்கி நகையைத் திருப்புவது, அதே கவுன்டரில் மதியத்துக்குள் கிராமுக்கு இன்றைய ரேட் போட்டு மறுபடி வைப்பது, சாயங்காலம் கைமாற்றைக் கொடுத்துவிட்டு மேல் பணத்தோடு வீட்டுக்கு வருவது. நகைப் பை மேஜைக்கு இந்தப் பக்கம் வந்த கால் மணி நேரத்தில் திரும்ப அந்தப் பக்கம் போய்விடும். தங்கம் விலை ஏறிக்கொண்டே இருந்ததால்தான் இது நடந்தது. ஏறிய லாபம் உங்களுடையது என்று நினைக்கிறீர்கள், அதை வருடா வருடம் கடனாக மாற்றிச் செலவழித்தாகிவிட்டது. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் இரண்டே வர்த்தக நாளில் 13 சதவீதம் போல விழுந்தது. அந்த வருடம் நகையை வைத்திருந்த எத்தனையோ பேருக்கு மேல் பணம் கிடைக்காமல் போனதோடு, வட்டியையும் கையிலிருந்து புரட்டிக் கட்ட வேண்டி வந்தது. உங்களுக்கு அது ஒற்றைச் சம்பளத்தில் இருக்கும்போது வந்தால் என்ன செய்வீர்கள்?

இப்போது 14 லட்சத்துக்கு வருட வட்டி 1,26,000. மாதத்துக்கு 10,500. உங்கள் பட்டியலில் இது இல்லவே இல்லை. கொழுந்தனார் கேட்கும் 4 லட்சத்தையும் சேர்த்தால் மாதம் 13,500. ஐந்து பேர் சாப்பாட்டுக்கு 17,000 என்று எழுதியிருக்கும் வீட்டில், பட்டியலுக்குள்ளேயே வராத ஒரு செலவு 13,500.

சரி, இப்போது உங்கள் பட்டியல். வீட்டுக் கடன் 34,700, மளிகை பால் காய்கறி 17,000, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கு 17,500, கார் கடன் 9,800, கரன்ட் போன் இன்டர்நெட் 5,000, பெட்ரோல் 6,000, அத்தையின் மருந்தும் பிசியோவும் 9,000, பார்த்துக்கொள்ள வருகிற அம்மாவுக்கு 15,000, வெளியே சாப்பாடு, துணிமணி, மொய் எல்லாம் 8,000. அதோடு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. 15,000, காப்பீடும் முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசிக்கு மாதக் கணக்கில் 8,300. மொத்தம் 1,45,300. இரண்டு சம்பளத்தில் 14,700 நிற்கிறது. ஒரு சம்பளத்தில் 53,000 இடிக்கிறது. பயப்படாதீர்கள், இதில் பாதிக்கு மேல் தானாக இறங்கும்.

எஸ்.ஐ.பி.யை நிறுத்தலாம், வருமானம் திரும்பும்போது தொடரலாம். யூலிப் 2020-ல் ஆரம்பித்தது, ஐந்து வருடக் கட்டாயம் முடிந்துவிட்டது, பிரீமியத்தை நிறுத்துங்கள். வரி மிச்சம் என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை, அதில் இந்த மாதிரி பிரீமியத்துக்கான 80சி வரிக் கழிவும் கிடையாது, அப்புறம் எதற்கு அது? ஆனால் அதற்குப் பதிலாகக் கணவர் பேரில் ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி, அதாவது முதலீடு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடு, கட்டாயம் வேண்டும். வீட்டில் ஒரே சம்பளம்தான் என்று ஆன பிறகு அதைத் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை.

கார் கடனில் 14 தவணை பாக்கி, முடிக்க 1.3 லட்சம் போல ஆகும். வேலையை விடும்போது கம்பெனி கொடுக்கும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, உங்களுக்கு வரும், அதை நீங்கள் குறிப்பிடவே இல்லை. அடிப்படைச் சம்பளம் 38,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி 11 வருடத்தால் பெருக்கினால் 2.4 லட்சம், வரி கிடையாது. கார் கடன் அதில் முடிந்துவிடும். மியூச்சுவல் ஃபண்டில் இருக்கும் 8 லட்சத்தில் 5 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டுங்கள், 3 லட்சம் அவசரத்துக்கு வங்கியில் கிடக்கட்டும். கட்டும்போது "தவணைக் காலத்தைக் குறைக்க வேண்டாம், இ.எம்.ஐ.யைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள், சொல்லாவிட்டால் பெரும்பாலும் காலத்தைத்தான் குறைப்பார்கள். வட்டி ஏறி இறங்கும் மிதக்கும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. இ.எம்.ஐ. 29,400-க்கு வரும்.

அத்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவை முழுதாக நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். படுத்திருப்பவரைத் தனியாளாகத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைத்தால் ஆறு மாதத்தில் உங்கள் முதுகு போய்விடும், அப்புறம் வைத்தியச் செலவு இரண்டு பேருக்கு ஆகும். காலை வேளைக்கு மட்டும் வரச்சொல்லி 7,000 கொடுங்கள். பெட்ரோல் 3,500, வெளிச்செலவு 5,000. டேர்ம் பாலிசிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்து மாதம் 5,000 ஒதுக்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

இப்போது கூட்டினால் 98,400. வருமானம் 92,000. மாதம் 6,400 குறைகிறது, வருடத்துக்கு 77,000. ஒரு லட்சம் போனஸ் அதை அடைத்துவிடும். இறுக்கமாக இருக்கும், ஆனால் ஓடும். அதோடு நகைக் கடன் வட்டி 1,26,000-ஐச் சேர்த்தால் ஓடாது. உங்கள் கேள்விக்கு பதில் இவ்வளவுதான்.

அதனால் நகைக் கடனை முடித்தாக வேண்டும், நகையில் ஒரு பங்கை விற்றுத்தான் முடிக்க முடியும். மகளுக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்வீர்கள் என்று தெரியும். நாலு வருடமாக அந்த நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது, இப்படியே போனால் அவள் கல்யாணத்துக்கும் அங்கேதான் இருக்கும். பவுனுக்கு 90,000 என்று குறைத்தே வைத்துப் பார்க்கிறேன். 17 பவுன் விற்றால் 15.3 லட்சம். 14 லட்சம் கடன் போக மீதி வரிக்கு. 15 பவுன் எந்தக் கடனும் இல்லாமல் வீட்டுக்கு வரும்.

எந்த நிதியாண்டில் விற்கிறீர்கள் என்பது முக்கியம். கல்யாண நகை என்பதால் அடக்கவிலை மிகக் குறைவு, விற்ற தொகையில் பெரும்பங்கு லாபமாகத்தான் கணக்காகும், அதற்கு 12.5 சதவீத வரி. உங்களுக்குச் சம்பளமே இல்லாத வருடத்தில் விற்றால் அடிப்படை விலக்கு 4 லட்சம் அந்த லாபத்தில் கழியும், ஐம்பதாயிரம் ரூபாய் மிச்சம். மார்ச்சுக்குள் வேலையை விட்டுவிட்டு ஏப்ரலுக்குப் பிறகு விற்பது நல்லது. அதுவரை சேரும் வட்டிக்கு கிராஜுவிட்டியில் மீதமிருக்கும் ஒரு லட்சம் இருக்கிறது.

கடன் மூன்று தனித்தனி அடகுச் சீட்டாக இருப்பது உங்களுக்குச் சௌகரியம். 12 பவுன் இருக்கும் 5 லட்ச ரூபாய்ச் சீட்டை முதலில் ஃபண்ட் பணத்தை வைத்துத் திருப்புங்கள். அதை விற்றால் 10.8 லட்சம் வரும், அதில் மற்ற இரண்டு சீட்டையும் திருப்பிவிடலாம். பிறகு இன்னொரு 5 பவுன் விற்று ஃபண்டிலிருந்து எடுத்த 5 லட்சத்தைச் சரிக்கட்டி, வீட்டுக் கடனில் போடுங்கள். கைமாற்று தேவையே இல்லை. அடகு நகையை மீட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள், கழிவு அதிகம் போடுவார்கள். கல் வைத்த நெக்லஸையும் அட்டிகையையும் விற்க வேண்டாம், கல் எடையைக் கழித்துவிடுவார்கள். பிளெயின் வளையல், செயின், காசு இவற்றை விற்றால் நஷ்டம் குறைவு. பணம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும், 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கச் சட்டத்திலேயே இடமில்லை.

உங்கள் தோழி சொன்ன எஸ்.டபிள்யூ.பி. பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பி.எஃப். பணம் 9 லட்சத்தை ஃபண்டில் போட்டு மாதம் 15,000 எடுத்துக்கொண்டே இருக்கலாம், முதல் அப்படியே இருக்கும் என்கிறார். வருடத்துக்கு 1,80,000, அதாவது போட்டதில் 20 சதவீதம். ஒவ்வொரு வருடமும் தவறாமல் 12 சதவீதம் வளர்ந்தாலும் ஏழரை வருடத்தில் பணம் காலி. 2020 மார்ச் மாதிரி, பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்த ஒரு காலம் முதல் வருடத்திலேயே வந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். இப்போது எல்லோரும் வீடியோவில் இதைத்தான் சொல்கிறார்கள், யாரும் எவ்வளவு சதவீதம் எடுக்கிறோம் என்று சொல்வதில்லை. பி.எஃப்.பைத் தொடாதீர்கள். 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, அது மட்டும் நினைவிருக்கட்டும்.

கொழுந்தனாரைப் பற்றி. அவர் மோசமானவர் என்று நான் நினைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டபோது திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்தவர்கள், அதாவது பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தவர்கள், பட்ட பாடு நிஜம். ஆனால் அவர் முதல் தடவை கேட்டது 2021-ல், வரி வருவதற்கு நாலு வருடம் முன்னால். மிஷின் வாங்க என்று 2021-ல், கூலி கொடுக்க என்று 2023-ல், பாக்கி அடைக்க என்று போன வருடம். தொழில் தன் கூலியைத் தானே கொடுக்க முடியாத நிலைக்குப் போன பிறகு உங்கள் நகை அதைத் தூக்கி நிறுத்தாது. அவருக்குத் தேவை மிஷின்களில் பாதியை விற்றுக் கடனைக் குறைப்பது, அதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் அண்ணி தடுத்துவிட்டாள் என்றுதான் வீட்டில் பேச்சு வரும், அத்தையைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அந்தப் பேர் வேண்டாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அண்ணன் தம்பி இருவரும் உட்கார்ந்து பார்க்கட்டும்: உனக்குக் கொடுத்தது 10.6 லட்சம், நாங்கள் கட்டிய வட்டி 2.4 லட்சம், இனி அண்ணிக்குச் சம்பளம் இல்லை, நகையை விற்கிறோம். அந்தப் பணத்தை அவர் மாதம் 5,000 என்று திருப்பிக் கொடுத்தால் நல்லது, உங்கள் பேரில் ஆர்.டி. போடுங்கள். ஆனால் பட்ஜெட்டில் அதை வருமானமாக எழுதாதீர்கள்.

ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் ஒன்று பாக்கி. அத்தைக்கு இப்போது இருக்கும் மருத்துவக் காப்பீடு உங்கள் கம்பெனியின் குரூப் பாலிசி, நீங்கள் வெளியே வந்ததும் அதுவும் போய்விடும். பக்கவாதம் வந்தவருக்கு வெளியில் புதிதாக பாலிசி கிடைப்பது மிகவும் கஷ்டம். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாறக் கேட்கலாம், ஏற்கனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராத ஆரம்பக் காத்திருப்புக் காலத்தில், இதுவரை குரூப்பில் இருந்த காலம் கழியும். கம்பெனி எச்.ஆர்.-இடம் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், பதில் வந்த பிறகு தேதியை முடிவு செய்யுங்கள். மறுத்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், அவசரத்துக்கு வைத்த அந்த 3 லட்சத்தை வேறு மாதிரி வைக்க வேண்டியிருக்கும்.