பல்லுக்கு எத்தனை பவுண்ட்?

கேள்வி: என் மகள் மான்செஸ்டரில் முதுகலை படிக்கிறாள், வயது 23. கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து இரவெல்லாம் வலிக்கிறது என்கிறாள். அங்கே அரசாங்கக் கணக்கில் பார்க்கும் பல் மருத்துவரே 75 பவுண்டுக்கு மேல் கட்டச் சொல்கிறாராம். விசா எடுக்கும்போது மருத்துவத்துக்கென்று ஆண்டுக்கு 776 பவுண்ட் கட்டினோமே, அது எங்கே போயிற்று? விடுமுறைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லலாமா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மகளிடம் யாரும் கூடுதலாகக் கேட்கவில்லை. விசாவோடு கட்டிய அந்தத் தொகை, என்.எச்.எஸ். எனப்படும் பொது மருத்துவச் சேவையைப் பயன்படுத்தும் உரிமையை அந்த நாட்டில் குடியிருப்பவருக்கு உள்ளபடியே அவருக்கும் தருகிறது. ஆனால் இங்கிலாந்தில் குடியிருப்பவரே பல்லுக்கும் மருந்துச் சீட்டுக்கும் தனியாகக் கட்டத்தான் செய்கிறார். 1948இல் எல்லாம் இலவசமாகத் தொடங்கிய சேவை அது. 1951இல் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். கட்டணம் மட்டும் நிலைத்துவிட்டது.

மலேசியாவில் பள்ளி வளாகத்து மரநிழலில் வந்து நிற்கும் பல் வண்டியில் கிராம்பு எண்ணெய் வாடைக்கு நடுவே காசில்லாமல் பல் பிடுங்கிக்கொண்டும், வளர்ந்த பின் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துச் சீட்டு வாங்கியும் பழகிய நமக்கு, ஏறக்குறைய 400 வெள்ளி என்பது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொகை எதற்கு என்பதைப் பாருங்கள். இங்கிலாந்தில் கட்டணம் பல் கணக்கில் இல்லை. ஒரு சிகிச்சைச் சுற்று முழுவதற்கும் ஒரே கட்டணம். 2025 ஏப்ரலில் வந்த விகிதப்படி, பரிசோதனையும் அவசரச் சிகிச்சையும் முதல் படி, 27.40 பவுண்ட்; அடைப்பது, பிடுங்குவது, வேர்ச் சிகிச்சை ஆகியவை இரண்டாம் படி, 75.30; பல்லுறை, பொய்ப்பல் போன்றவை மூன்றாம் படி, 326.70. இரண்டாம் படி கட்டுபவர் பரிசோதனைக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஒரு பல்லை அடைத்தாலும் அதே சுற்றில் நான்கு பல்லை அடைத்தாலும் 75.30தான். ஆகவே சந்தேகமான மற்ற பற்களையும் அதே சுற்றில் பார்த்துவிடும்படி கேட்கச் சொல்லுங்கள்.

தோழிகள் யாரேனும் கட்டணச் சலுகைக்காகப் படிவத்தில் மாணவர் என்ற கட்டத்தில் குறியிடச் சொன்னால் உங்கள் மகள் அதற்கு இணங்கக் கூடாது. முழுநேர மாணவர் என்ற சலுகை 18 வயதில் இருப்பவருக்கு மட்டுமே. தவறாகக் குறியிட்டால் கட்டணத்தோடு 100 பவுண்ட் வரை அபராதமும் வரும். நேர்வழி வேறு இருக்கிறது. வருமானமும் சேமிப்பும் குறைவாக உள்ளவர்கள் எச்.சி.1 என்னும் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். எச்.சி.2 சான்றிதழ் கிடைத்தால் முழுக் கட்டணமும் தள்ளுபடி, எச்.சி.3 கிடைத்தால் ஒரு பகுதி. அது கைக்கு வரும்வரை வலி காத்திருக்காது என்பதால், இப்போது கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்தி, மூன்று மாதத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கடைவாயில் பார்வைக்காக மட்டும் வெள்ளை நிறத்தில் அடைப்பது என்.எச்.எஸ். கணக்கில் வராது. அதை அழகாகச் சொல்லித் தனியார் விலைக்குத் தள்ளிவிடும் இடங்களும் உண்டு. எது எந்தக் கணக்கு என்று சிகிச்சைத் திட்டத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

விடுமுறைவரை பொறுப்பது மட்டும் வேண்டாம். சொத்தை நரம்பைத் தொட்ட பிறகு வேர்ச் சிகிச்சை செய்தாலும் அங்கே அதே இரண்டாம் படிதான். ஆனால் அப்படிச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு உறை போட வேண்டி வந்தால் மூன்றாம் படிக்கு ஏறிவிடும். புதிய நோயாளிகளைச் சேர்க்கும் என்.எச்.எஸ். பல் மருத்துவர் கிடைப்பதுதான் உண்மையான சிரமம். உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கிறார், விட்டுவிட வேண்டாம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ, முன்பதிவு நாளுக்குக் காத்திராமல் 111 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கேள்வி: என் மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான், வயது 22. அவனுக்கும் இதே கட்டணமா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. ஸ்காட்லாந்தின் கணக்கு வேறு. 2021 முதல் அங்கே 26 வயது நிறையாதவர்களுக்கு என்.எச்.எஸ். பல் சிகிச்சை இலவசம். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும் பரிசோதனை இலவசம்தான். சிகிச்சைச் செலவில் மட்டும் 80 விழுக்காட்டை, அதிகபட்சம் 384 பவுண்ட் வரை, அவர்கள் கட்ட வேண்டும். வலி வரும்வரை காத்திராமல் இப்போதே ஒரு பல் மருத்துவரிடம் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.