பதில்: இளநிலை உதவியாளரின் பெயர் நற்சான்றிதழ்ப் பட்டியலில் இரண்டு முறை விடுபட்டது ஏன்?

வணக்கம் மேடம். குடியரசு நாளில் கலெக்டர் வழங்கும் நற்சான்றிதழுக்கு உங்கள் இளநிலை உதவியாளரைப் பரிந்துரைத்தும் இரண்டு முறை பெயர் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்த பரிந்துரையில் "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்றே இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்துக்கு வரும் பரிந்துரைகளில் பெரும்பாலும் இதே சொற்கள்தான், அதனால் எதுவும் தனித்துத் தெரியாது.

அவர் பிரிவில் பட்டா மாறுதல் நிலுவை ஏப்ரலில் எத்தனை, டிசம்பரில் எத்தனை? அந்த இரண்டு எண்களை முதல் வரியில் போடுங்கள். அடுத்து, அவர் எதை மாற்றியதால் குறைந்தது என்று இரண்டே வரி. மொத்தம் ஒரு பக்கம் போதும். பிரிவே சேர்ந்து செய்த வேலையை அவர் தலையில் மட்டும் ஏற்றாதீர்கள். விசாரித்தால் அங்கேயே அடிபடும்.

ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ), 17(ஆ) பிரிவுகளில் அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் நிலுவையில் இல்லை என்ற குறிப்பையும் சேருங்கள். அது இல்லாத கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பும், அதற்குள் பட்டியல் முடிந்துவிடும். குடியரசு நாளுக்கு டிசம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.

சுதந்திர நாளில் முதலமைச்சர் வழங்கும் நல் ஆளுமை விருது புதிய முயற்சிகளுக்கானது. நிலுவை குறைத்ததை மட்டும் வைத்து அதற்கு அனுப்ப வேண்டாம்.

சான்றிதழ் கிடைத்ததும் பணிப்பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இளையவர்கள் பலர் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, பதிவை மறந்துவிடுகிறார்கள்.