கன்னியாகுமரி வரை போகத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன அப்பாவுக்கு இரண்டு வருடமாக ஏ.எல்.எஸ். நோய். கை கால் விழுந்து, இப்போது பேச்சும் போய்விட்டது. இந்த நோய் பற்றி நாலு பேருக்குத் தெரியவும் நிதி திரட்டவும் கன்னியாகுமரி வரை 700 கிலோமீட்டர் சைக்கிளில் போகலாம் என்று தம்பி கூப்பிடுகிறான். அப்பா படுக்கையில் இருக்கும் போட்டோவைப் போட்டால்தான் பணம் வரும் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மா யார் பக்கமும் பேசமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், தம்பி என்ன சொல்கிறார், அம்மா ஏன் வாய் திறக்கவில்லை, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அப்பா என்ன சொன்னார்?

பேச்சு போனதால் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இந்த நோய் தசைகளை இயக்கும் நரம்புகளைத்தான் தின்கிறது. பெரும்பாலானவர்களுக்கு யோசனை தெளிவாகவே இருக்கும். கண் அசைவும் பொதுவாகக் கடைசிவரை நிற்கும். ஒரு அட்டையில் 12 உயிரெழுத்து, 18 மெய்யெழுத்து எழுதுங்கள். 247-ம் வேண்டாம். வரிசை வரிசையாக விரலை நகர்த்துங்கள், வேண்டிய எழுத்தில் அவர் கண் சிமிட்டட்டும். முதல் நாள் ஒரு வார்த்தைக்கே அரை மணி ஆகும், பரவாயில்லை. போட்டோ விஷயத்தை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால், ஹார்பர் யூனிஃபார்மில் எடுத்த பழைய படம் ஒன்று வீட்டில் இல்லாமலா போகும்?

தம்பியின் ஆசையைக் குறை சொல்லமாட்டேன். 2014-இல் ஊரெல்லாம் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டது இந்த நோய்க்காகத்தான். ஊற்றிக்கொண்ட பாதிப் பேருக்கு நோயின் பெயர் இன்று நினைவிருக்காது, அது வேறு கதை. ஆனால் அமெரிக்காவில் திரண்ட அந்தப் பணம், நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைக் கண்டுபிடித்த ஆராய்ச்சிக்கும் போனது.

என் கவலை வேறு. நீங்கள் இருவரும் பத்து நாள் ரோட்டில் இருந்தால், அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பது யார்? புரையேறாமல் ஊட்டுவது யார்? அம்மா ஒருவர்தானே! அதே 700 கிலோமீட்டரை இங்கேயே ஓட்டுங்கள். தினமும் 35, இருபது நாள். ஒருநாள் நீங்கள், மறுநாள் தம்பி, ஓட்டாதவர் அப்பாவோடு. விடியற்காலையில் ராயபுரம், பாரிஸ் வழியாக மெரினாவைத் தொட்டு, பெசன்ட் நகர் தாண்டித் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். வந்ததும் அன்றைய கணக்கை அப்பாவிடம் சொல்லலாம்.

அப்புறம், பணம். வீட்டுச் செலவுக்கா, மற்ற நோயாளிகளுக்கா என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள், இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். உறவினர் அல்லாதவர்கள் தரும் தொகை வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுவதும் வாங்கியவர் வருமானமாகிவிடும். ஒரு ஆடிட்டரிடம் பேசுங்கள். மற்றவர்களுக்கு என்றால், பதிவு பெற்ற அறக்கட்டளைக்கே நேராக அனுப்பச் சொல்வது நல்லது. விஷயம் வெளியே தெரிந்ததும் ‘ஒரே மாதத்தில் குணமாக்குகிறேன்’ என்று போன் வரும். இருக்கும் மாத்திரைகள் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அந்த போன்களுக்குத் திரட்டிய காசில் ஒரு பைசா போகக்கூடாது.

எண்ணூர் பக்கம் மட்டும் சைக்கிளைத் திருப்பாதீர்கள். அந்தக் கண்டெய்னர் லாரி வரிசையைப் பற்றி உங்கள் அப்பாவுக்குத் தெரியாததா? ரூட்டையும் அட்டையை வைத்து அவரிடமே கேட்டுவிடுங்கள்.