கடைக்காரர் சொல்லும் ப்ராசஸரைத்தான் வாங்க வேண்டுமா?

கேள்வி: மகள் இந்த வருடம் பி.காம் சேர்கிறாள். லேப்டாப் பார்க்கப் போனால் கடைக்காரர், "இன்டெல் எடுங்க சார், ஏ.எம்.டி. சூடாகும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுமே லேப்டாப்பின் மூளையான ப்ராசஸர் சிப்பைத் தரும் கம்பெனிகள். சூடாகும் என்பதற்காக ஏ.எம்.டி.யை ஒதுக்க வேண்டாம். 2013 வாக்கில் ஏ.எம்.டி.யின் எஃப்எக்ஸ் டெஸ்க்டாப் சிப்புகள் கரண்டை விழுங்கியது உண்மைதான், ஒரு மாடல் 220 வாட் வரை போனது. அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனி தன் தொழிற்சாலைகளை 2009-லேயே பிரித்துக் கொடுத்துவிட்டது, 2019 முதல் முக்கிய சிப்புகளை, மற்ற கம்பெனிகளுக்கு சிப் செய்து கொடுக்கும் தைவானின் டி.எஸ்.எம்.சி.யிடம் செய்து வாங்குகிறது, கரண்டை விழுங்கும் கதை அதோடு மாறிவிட்டது. இன்டெலே இப்போது கோர் அல்ட்ரா 200வி என்ற லேப்டாப் சிப் வரிசையின் முக்கியப் பகுதியை அதே டி.எஸ்.எம்.சி.யிடம்தான் செய்து வாங்குகிறது! லேப்டாப் சூடாவது பெரும்பாலும் அதைத் தயாரிப்பவர் எத்தனை வாட் வரை ஓட விடுகிறார், எப்படிப்பட்ட ஃபேன் வைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. கையில் என்ன ஸ்டாக் இருக்கிறது, எதற்கு ஸ்கீம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் யாரும் பேசுவார்கள். பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. ஜெர்மனியின் மீடியா மார்க்ட் கடைகளின் தாய் நிறுவனத்துக்கு, தன் சிப் உள்ள கம்ப்யூட்டரை மட்டும் விற்கச் சொல்லி இன்டெல் பணம் கொடுத்தது என்பது உட்படப் பல குற்றச்சாட்டுகளுக்காக 2009-ல் ஐரோப்பிய ஆணையம் 106 கோடி யூரோ அபராதம் போட்டது. நீதிமன்றத்தில் அந்தப் பகுதி நிற்கவில்லை, 2022-ல் ரத்தானது. ஆனால் ஏ.எம்.டி. மாடல்களைத் தள்ளிப்போடவோ முடக்கவோ எச்.பி., ஏசர், லெனோவோ மூன்றுக்கும் இன்டெல் பணம் கொடுத்த விஷயம் நின்றது, அதற்காக 2023-ல் மறுபடியும் அபராதம் வந்தது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? "ரைசன் 5" (ஏ.எம்.டி.), "ஐ5" (இன்டெல்) என்பதோடு விடாமல் முழு மாடல் எண்ணைக் கேளுங்கள், பில் போடும் முன் கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏனென்றால் ஏ.எம்.டி.யும் இங்கே நம்மைக் குழப்புகிறது. ரைசன் 5 7520யு என்பதில் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்லும் மூன்றாவது இலக்கம் 2, அதாவது உள்ளே இருப்பது 2019-ல் வந்த வடிவமைப்பு, நாலே கோர் (வேலை செய்யும் பகுதி), ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். 7530யு ஆறு கோர், ஒரு தலைமுறை புதியது. பெட்டியில் இரண்டுமே "ரைசன் 5 7000" என்றுதான் கண்ணில் படும், எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இன்டெலிலும் "கோர் 5 120யு" என்று புதிய பெயர் பார்த்தால் ஏமாறாதீர்கள், அது கிட்டத்தட்ட பழைய ஐ5 1335யு-தான். "அல்ட்ரா" என்று இருந்தால் வேறு வகை. அல்ட்ரா 200வி-யில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருவதால் பின்னால் கூட்டவே முடியாது, அதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் மகளுக்கு எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதானே வேலை? 16 ஜிபி ரேமோடு 7530யு, 1335யு இரண்டில் எது விலை குறைவாகக் கிடைக்கிறதோ, எதற்குப் பக்கத்திலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ அதை எடுங்கள். 7520யு-வை மட்டும் பாதி விலைக்குத் தந்தாலொழியத் தொடாதீர்கள்.