பெரிய டயர் போட்டால் கியர் குறையாது, கூடும்

கேள்வி: டட்சன் 120ஒய் காரின் எஞ்சின், கியர் பெட்டி, பின் ஆக்சில் மூன்றையும், பழைய மாசி பெர்கூசன் 35 டிராக்டரின் முன் அச்சு, ஸ்டீயரிங், பெரிய பின் சக்கரங்களையும் சேர்த்துத் தோட்டத்துக்கு ஒரு வண்டி கட்டியிருக்கிறேன். செம்பனைக் குலை ஏற்றினால் முதல் கியரிலேயே பாய்கிறது. மேட்டில் கிளட்ச் கருகிய வாடை. டிஃப் (பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்) ரேஷியோவை மாற்றினால் சரியாகும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? டிராக்டரின் பின்பாதி ஹைட்ராலிக் கெட்டுப்போய்க் கொட்டகையில் கிடக்கிறது. ரோட்டில் ஓட்டப் பதிவும் வேண்டும். — வாசகர், சுங்கை பாக்காப், பினாங்கு

பதில்: வாங்காதீர்கள், தம்பி. உங்கள் தொல்லைக்குக் காரணம் டிஃப் இல்லை, டயர். 120ஒய்யின் சொந்த டயர் அரை மீட்டருக்குச் சற்று கூடுதலான உயரம். நீங்கள் மாட்டியிருப்பது ஏறத்தாழ 1.2 மீட்டர். சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் தூரம் போகிறது. முதல் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அந்தக் கார் மணிக்கு 22 கிலோமீட்டர் போகும். உங்கள் வண்டி 47 போகும். மேட்டில் ஒரு டன் குலையோடு அந்தக் கியரில் கிளம்ப வேண்டுமானால், பாதிக் கிளட்சில் தேய்த்துத் தேய்த்துத்தான் கிளம்ப முடியும். வாடை அங்கிருந்துதான் வருகிறது.

கடைக்காரர் காட்டும் டிஃபுக்கு வருவோம். உங்களுடையது 3.9, அதாவது கியர் பெட்டியிலிருந்து வரும் பிராப்பலர் ஷாப்ட் 3.9 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அவர் தருவது 4.4 ஆக இருக்கலாம். ஒன்பதில் ஒரு பங்கு வேகம் குறையும், அவ்வளவுதான். 47 என்பது 42 ஆகும். இதற்கா காசு கொடுப்பது? ஹாஃப்கட் (வெட்டிய பழைய கார் பாகம் விற்கும்) கடைகளில் "ரேஷியோ பெரிசு பாஸ்" என்று சொல்லியே ஆக்சிலைத் தள்ளிவிடுவார்கள். நம்பாதீர்கள். கடையிலேயே பிராப்பலர் ஷாப்ட் பூட்டும் பக்கத்தைக் கையால் சுற்றிச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கச் சக்கரம் அசையாமல் பிடித்திருந்தால் மறுபக்கம் இரட்டிப்பாகச் சுற்றும், அந்தக் கணக்கில் ஏமாந்து போகாதீர்கள். டிஃபை வெல்டிங் வைத்துப் பூட்டித் தருகிறேன் என்பவன் பக்கமே போக வேண்டாம். திருப்பத்தில் ஆக்சில் முறியும்.

அடுத்து, இரண்டு கியர் பெட்டிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் பூட்டும் வித்தை. தோட்டத்துப் பட்டறைகளில் இதுதான் வழக்கம். வேகம் அழகாகக் குறையும், நானும் அந்தக் காலத்தில் செய்திருக்கிறேன். ஆனால் இரண்டிலும் முதல் கியர் போட்டால் முறுக்கு விசை 3.7 தடவை கூடி, மறுபடி 3.7 தடவை கூடி, ஏறத்தாழ 14 மடங்காக அந்தச் சின்னக் கார் டிஃபில் போய் மோதும். அது நாலு மடங்குக்குள் தாங்கச் செய்தது. டயர் வழுக்கினால் தப்பிக்கும். பெரிய டிராக்டர் டயர் வழுக்காது. அப்புறம் ஹாஃப் ஷாப்ட் (டிஃபிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) முறிந்து, குலையோடு வண்டி பின்னால் உருளும். இரண்டிலும் ரிவர்ஸ் போட்டால் வண்டி முன்னால் போகும் என்பதும் மறந்துவிடக் கூடாது. வேலி உடைந்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.

ஆகவே என் விதி: கார் ஆக்சிலுக்கு முன்னால் கியரைக் குறைக்காதீர்கள். ஆக்சிலையே மாற்றுங்கள். சின்ன லோரியின் பின்னச்சு, அதன் சொந்தச் சக்கரத்தோடு, 5-க்கு மேல் ரேஷியோ உள்ளதாகப் பாருங்கள். பாரம் ஹவுசிங்கில் (ஆக்சிலின் வெளிக்கூட்டில்) நிற்கும், ஷாப்ட் சுற்றுவதோடு சரி. அதற்கு முன்னால் சுசுகி எஸ்ஜே410 ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் பெட்டி (நாலு சக்கர ஓட்டத்துக்கான துணைக் கியர் பெட்டி). அது கியர் பெட்டியோடு ஒட்டாமல் தனியாக இருப்பதால் நம் மாதிரி ஆட்களுக்கென்றே செய்தது போலிருக்கும். லோ ரேஷியோ சுமார் 2.5. முன் ஷாப்ட்டை மாட்டாமல் விட்டாலும் 4எல் (நாலு சக்கர லோ) போட்டால்தான் லோ விழும், பயப்பட வேண்டாம். அந்தப் பெட்டி 970 சிசிக்குச் செய்தது. உங்களுடையது 1,171. கிளட்சை வெடுக்கென்று விடாதீர்கள். இப்படிப் பூட்டினால் 3,000 சுற்றில் மணிக்கு 9 கிலோமீட்டர், 1,500-ல் ஆள் நடக்கும் வேகம்.

ஆனால் கொட்டகையில் கிடக்கும் அந்தப் பின்பாதியை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே! என் விதிக்கு இருக்கும் ஒரே விலக்கு அதுதான். கடிதத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஹைட்ராலிக் கெட்டால் தூக்காது, உருளுவதற்கு அது எதற்கு? பம்ப், வெளிக் கருவிகளை ஓட்டும் பிடிஓ ஷாப்ட்டில்தான் ஓடுகிறது. பிடிஓ லீவரை நியூட்ரலில் கட்டிவிட்டால் சும்மா கிடக்கும். உள்ளே ஆறு முன் கியர், இரண்டு ரிவர்ஸ். ஹை, லோ நெம்புகோல் மட்டும் நாலுக்கு ஒன்று குறைக்கும், அதற்குப் பின்னால் டிஃபின் கிரவுன் வீல் ஆறுக்கு ஒன்று சுமார். உங்கள் பெரிய சக்கரமும் அந்தப் பின்பாதியில் உள்ள பிரேக்கும் அதற்கென்றே செய்தவை.

இங்கேயும் ஒரு கணக்கு உண்டு, அவசரப்படாதீர்கள். டிராக்டர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடுவது. உங்கள் கார் எஞ்சின் அதைத் தாண்டி ஓடும். எனவே கார் கியர் பெட்டியையும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூன்றாம் கியரிலேயே விட்டுவிடுங்கள். அது சுமார் 1.4. எஞ்சின் 3,000 சுற்றினால் டிராக்டர் பெட்டிக்குள் 2,100 போகும். முறுக்கும் டிராக்டரின் சொந்த எஞ்சின் தந்த அளவைத் தாண்டாது. கார் முதல் கியரையும் டிராக்டர் லோ முதல் கியரையும் சேர்த்துப் போட்டால் என் விலக்கு செல்லாது, டிராக்டர் பல்லும் போகும். உங்கள் மகனோ மருமகனோ ஆசைப்பட்டுப் போட்டுவிடாமல், கியர் லீவருக்கு மூன்றில் ஒரு தடுப்புத் தகடு வெல்டிங் வையுங்கள். முதலில் அடித் திருகைக் கழற்றி எண்ணெயைப் பாருங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. திறந்து பேரிங் பார்க்காமல் பூட்ட வேண்டாம்.

பிரேக் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். கார் டிரம்மில் பெரிய டயர் மாட்டியதால் உங்கள் பின் பிரேக்கின் பிடி பாதிக்கும் கீழே போய்விட்டது. இன்றைக்கே மேட்டில் பாரம் ஏற்றுவதை நிறுத்துங்கள். டிரெய்லர் கொக்கி அச்சு உயரத்துக்கு மேலே இருந்தால், கியர் குறைந்த பிறகு மேட்டில் முன் சக்கரம் தூக்கி வண்டி உங்கள் மேலேயே கவிழும். கொக்கியை அச்சுக்குக் கீழே இறக்குங்கள்.

பதிவு விஷயம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பொதுமக்கள் போய்வரும் ரோடு பொதுவாகச் சாலைதான். கம்பத்து (கிராமத்து) ரோட்டைக் குறுக்கே கடந்தாலும் சாலைதான். சுயமாகக் கட்டிய வண்டிக்கு வழி கேட்டால் ஒரு கவுன்டர் இன்னொரு கவுன்டரைக் காட்டும், அது மறுபடி முதல் கவுன்டரைக் காட்டும். சொந்தத் தோட்டத்தில் குலை இழுக்கிற ஏழைக்கு ஒரு பக்க விண்ணப்பப் படிவம் போதாதா? எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில்தான் ரன்னர் (காசுக்குப் பதிவு வேலை முடித்துத் தரும் தரகன்) பிழைக்கிறான். "பழைய 120ஒய் கெரான் (பதிவுப் பத்திரம்) இருக்கு, சேசிஸ் நம்பர் அடிச்சுக் குடுத்துடுறேன்" என்பான். என் பட்டறைக்கு வந்த ஒரு பையன் அப்படி வாங்கினான். வண்டியும் போனது, கோர்ட்டுக்கும் அலைந்தான், ரன்னர் போன் எண்ணை மாற்றிவிட்டான். அடித்த சேசிஸ் நம்பர் விபத்துக்குப் பிறகு இன்சூரன்சிலும் நிற்காது. நீங்கள் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுங்கள். ரோட்டைத் தாண்ட வேண்டிய குலைக்குப் பதிவான லோரியைக் கூப்பிடுங்கள்.

எண்ணெய் வாங்கும்போது கார் கியர் பெட்டிக்கு 80 டபிள்யூ 90, ஜிஎல்-4 (எண்ணெயின் தரக் குறியீடு) என்று கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று ஜிஎல்-5 தருவார்கள், கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரோ வளையம் பித்தளை, அதை அந்த எண்ணெய் அரிக்கலாம். கார் டிஃபுக்குத்தான் ஜிஎல்-5. டிராக்டர் பின்பாதிக்கு டிராக்டர் எண்ணெயே ஊற்றுங்கள்.