மனித உரிமைக் குழு நடத்த அறக்கட்டளைப் பணம் வாங்கலாமா, மக்களிடம் வசூல் செய்தே ஓட்டலாமா?

இரண்டும் வேண்டும். ஆனால் எந்தப் பணம் எதற்கு என்பதில் நாங்கள் செய்த தவறை நீங்களும் செய்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறீர்கள், கைக்காசு கரைந்துவிட்டது, யாரோ ஒருவர் "ஏதாவது ஃபவுண்டேஷனுக்கு எழுதிப் போடுங்களேன்" என்று சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது. எங்களுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

காவலில் அடிபட்டவர்கள், காரணம் சொல்லாமல் பிடித்து வைக்கப்பட்டவர்கள், இவர்களுடைய குடும்பங்களுக்கு வழக்கு நடத்த உதவுவதுதான் எங்கள் வேலை. ஏழு பேர் தொடங்கினோம். கணக்கும் ரசீதும் என் பொறுப்பு. முதல் நான்கு வருடமும் மாதச் சந்தாவில்தான் ஓடியது, ஏறக்குறைய 140 பேர் கொடுத்தார்கள். சின்னச் சின்னத் தொகைகள். மாதக் கடைசியில் வீடு வீடாகப் போய் வாங்குவோம், போன இடத்தில் உட்கார்ந்து எந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவோம். அலுப்பான வேலைதான். அது வசூல் மட்டும் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் வருடம் ஒரு பெரிய அறக்கட்டளை மூன்று வருடத்துக்கு நிதி கொடுத்தது. முழுநேர வழக்கறிஞர் ஒருவர், களப் பணியாளர் இரண்டு பேர், ஒரு சிறிய அலுவலகம். வழக்குகள் 31 ஆயின. அந்தப் பணம் இல்லாமல் அது நடந்திருக்காது, இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் பணம் வந்த மறுமாதமே ரசீதுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். யாரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு மாதம் முழுக்க அலைந்து திரட்டும் தொகை அறக்கட்டளை தரும் தொகையில் ஒரு துளி, அந்த நேரத்தில் இன்னும் இரண்டு வழக்கு பார்க்கலாமே என்று நாங்களே முடிவு செய்தோம்.

மூன்றாம் வருடக் கடைசியில் கடிதம் வந்தது. அறக்கட்டளையின் முன்னுரிமைகள் மாறிவிட்டன, இனி வேறு துறைக்குத்தான் நிதி. இரண்டு மாதம் அவகாசம். வழக்குகளில் பாதிக்கு மேல் சாட்சி விசாரணையே தொடங்கவில்லை.

பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மாதம்கூடத் தவறாமல் சந்தா கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கதவைத் திறந்து, "மூணு வருஷமா எங்க தம்பி போயிருந்தீங்க? பெரிய இடத்துப் பணம் வருதுன்னு சொன்னாங்க. சரி, நம்ம காசு இனி வேண்டாம்போலன்னு விட்டுட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் வலிக்கிறது. 140 பேரில் 38 பேர்தான் திரும்ப வந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் வழக்கறிஞர் அப்போது விலகி வேறு வேலைக்குப் போனார். "சேவை செய்கிறவருக்குச் சம்பளம் எதற்கு, காசுக்காகத்தானே போனார்" என்று இன்றும் பேசுகிறார்கள். சம்பளமே இல்லாமல் நான்கு மாதம் வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றம் போய் நின்றவர் அவர். அவருக்கும் வீட்டு வாடகை உண்டு, வயதான பெற்றோர் உண்டு. மருத்துவர் சம்பளம் வாங்கலாம், ஆசிரியர் வாங்கலாம், அடிபட்டவனுக்காக வாதாடுகிறவர் மட்டும் பட்டினி கிடந்தால்தான் நல்லவரா? கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இந்தப் பேச்சு உங்கள் குழுவுக்கும் வரும்.

"அப்படியென்றால் அறக்கட்டளையே வேண்டாம் என்கிறீர்களா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. மனித உரிமை வேலைக்கு மக்களிடம் பணம் திரட்டுவது மற்ற நற்பணிகளுக்குத் திரட்டுவதுபோல இல்லை. குழந்தையின் அறுவைச் சிகிச்சை என்றால் படத்தைப் பார்த்தே கொடுப்பார்கள். சிறையில் இருப்பவரின் படத்தை நாம் போடவே முடியாது, போட்டாலும் "குற்றவாளிக்கா காசு" என்பார்கள். வழக்கு எட்டு வருடம் போகும், தோற்கவும் செய்யும். கொடுத்தால் தன் பெயர் எங்காவது போய்ச் சேருமோ என்ற பயமும் உண்டு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் அறக்கட்டளை வேண்டும், கூட்டத்துக்குப் பிடிக்காத வேலைக்கும் அவசரம் இல்லாமல் பணம் போட அறக்கட்டளையால்தான் முடியும்.

அமெரிக்காவில் கார்லண்ட் என்ற இளைஞர் பரம்பரைச் சொத்து தனக்கு வேண்டாம் என்று சொல்லி, பிறகு அந்தப் பணத்தில் 1922இல் ஒரு நிதியம் அமைத்தார். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து, கறுப்பின மக்களின் உரிமைக்காக இயங்கும் என்.ஏ.ஏ.சி.பி. என்ற அமைப்பு தொடங்கிய வழக்கு முயற்சிக்கு முதல் திட்டமும் பணமும் அங்கிருந்துதான் வந்தன. 1930 வாக்கில் ஒரு தொகை தருவதாக நிதியத்தார் சொன்னார்கள், பங்குச் சந்தை விழுந்ததால் சொன்னதில் சிறு பகுதிதான் கைக்கு வந்தது. ஆனாலும் வேலை நிற்கவில்லை, ஏனென்றால் அந்த அமைப்புக்கு ஊர் ஊராகக் கிளையும் சந்தா கட்டும் உறுப்பினர்களும் இருந்தார்கள். பள்ளிகளில் நிறத்தால் பிரித்து வைப்பது செல்லாது என்ற தீர்ப்பு 1954இல் வந்தது. எங்களுக்குக் கடிதம் வந்த நாளில் எங்களிடம் இல்லாதது அந்தச் சந்தா உறுப்பினர்கள்தான்.

இன்னொன்று, ரோசன்வால்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் பணத்தில் தொடங்கிய ரோசன்வால்ட் பள்ளிகள். 1912 முதல் 1932 வரை அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள். ஊர் மக்களும் தங்கள் பங்கைத் திரட்டினால்தான் அறக்கட்டளைப் பங்கு வரும். அந்த மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம் டாலர், ரோசன்வால்ட் தரப்பு கொடுத்தது சுமார் 43 லட்சம். மீதி பெரும்பாலும் அரசின் வரிப்பணம். இதைப் புகழ்ந்து மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரி கட்டியும் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைக்காத ஏழைகள் மறுபடியும் கையிலிருந்து கொடுத்தார்கள். ஆனால் பணமும் மரமும் உழைப்பும் கொடுத்துக் கட்டிய பள்ளியை அவர்கள் தங்களுடையதாகவே பார்த்தார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஒரு வருடம் தட்டுத்தடுமாறிய பிறகு வேறொரு சிறிய அறக்கட்டளை வந்தது. அதிலிருந்து பேச வந்த பெண்மணி, எத்தனை பயனாளிகள் என்று கேட்கவில்லை. முதல் அறக்கட்டளையின் அறிக்கைப் படிவத்தில் அந்தக் கட்டம்தான் பெரியது. ஜாமீன் மறுக்கப்பட்டவரை அதில் எங்கே எழுதுவது என்று மூன்று வருடம் தவித்திருக்கிறேன். இவர் கேட்டது, "நாளைக்கு உங்கள் அலுவலகத்தை மூடிவிட்டால் ஏன் என்று கேட்டு எத்தனை பேர் வருவார்கள்?"

அவர்கள் கொடுத்தது இரண்டு வருட நிதி. வசூல் வேலைக்கென்றே ஒருவருக்குச் சம்பளம், முறையான ஆடிட், நன்கொடையாளர் பட்டியலைப் பாதுகாப்பாக வைக்க ஏற்பாடு. அப்புறம் புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாதச் சந்தாவுக்கும் முதல் வருடம் சம அளவு அவர்கள் போடுவார்கள், இரண்டாம் வருடம் பாதி. "நீங்கள் கொடுப்பது இரட்டிப்பாகும்" என்று மக்களிடம் சொல்ல முடிந்தது. வழக்கின் கதையைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு குடும்பம் ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஆகும் செலவு இவ்வளவு என்று கேட்டோம். அதற்குக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் 400 பேரைத் தாண்டினோம்.

அப்போதும் மக்கள் பணம் எல்லாவற்றுக்கும் போதவில்லை, பொய் சொல்ல மாட்டேன். வாடகை, போக்குவரத்து, நகல் செலவு, அவசரக் கைச்செலவு மக்களுடையது. வழக்கறிஞர் சம்பளம் அறக்கட்டளையுடையது. அது நின்றால் வேகம் குறையும், கதவு மூடாது. அம்னெஸ்டி போன்ற பெரிய உலக மனித உரிமை அமைப்பே ஆய்வு, பிரசார வேலைக்கு அரசுப் பணம் வாங்காமல், பெருமளவு தனிநபர் நன்கொடையில் ஓடுகிறது. நாம் அந்த அளவுக்குப் போக முடியாது, ஆனால் கதவைத் திறந்து வைக்கும் அளவுக்காவது போகலாம்.

ஆகவே எழுதிப் போடுங்கள், ஆனால் பார்த்து. திட்டத்துக்கு மட்டும் என்று கட்டிப்போடாத, குழுவின் பொதுச் செலவுக்கும் எடுத்துக்கொள்ள விடும் நிதியை முதலில் தேடுங்கள். ஃபோர்ட் அறக்கட்டளையே 'பில்ட்' என்ற திட்டத்தில் ஐந்து வருடம் வரை இப்படிக் கொடுத்திருக்கிறது, சின்ன அறக்கட்டளைகளிடமும் தயங்காமல் கேட்கலாம். உங்களில் யாருக்காவது மிரட்டல் வந்தால் அது வேறு கதவு. ஃபிரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ் போன்ற அமைப்புகள் பாதுகாப்புக்கென்றே சிறு நிதி தருகின்றன. வெளிநாட்டுப் பணம், பெயர் சொல்லாத நன்கொடை இவற்றுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, ஒரு ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு காசும் வாங்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன், நிறுத்துவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்னதாகச் சொல்வீர்கள் என்று கேட்டு, அதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு.

அந்த அம்மா மறுபடி சந்தா கொடுக்க ஒன்றரை வருடம் ஆனது. புதுப் பதிவேட்டில் அவருக்குப் பழைய உறுப்பினர் எண்ணையே போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, முதல் வருடத்தில் நடந்த அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தேன்.