பார்க்காமல் இருக்கலாம்தான், பஸ்ஸை விட்டு இறங்கினால்

கேள்வி: இசை வீடியோக்களில் பெண்களைக் கவர்ச்சியாகக் காட்டுவதில் அப்படி என்ன தவறு? பிடிக்காதவர்கள் பார்க்காமல் விட்டுவிடலாமே?

இலங்கையின் மலையக ஊரான ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வீடியோ தொகுக்கும் வேலை எனக்கு. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, தேர்த் திருவிழா எல்லாம் போக, நம் ஊர்ப் பையன்கள் சொந்தமாக எழுதிப் பாடும் பாட்டுகளுக்கும் படம் வெட்டிக் கொடுப்பேன்.

இந்த விஷயத்தில் எல்லோரும் உடையின் நீளத்தைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். புடைவையை இழுத்துப் போர்த்திய பெண்ணையும் வெறும் இடுப்பாக மாற்றிவிட முடியும் என்பது வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி மேல்நோக்கித் திருப்பினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி மெதுவான ஓட்டம். இரட்டிப்பு வேகத்தில் படம் பிடித்து மெல்ல ஓட்டும்போது பாடுகிறவரின் உதடு பாட்டோடு பொருந்த வேண்டுமானால், எடுக்கும் இடத்தில் பாட்டையும் இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். பாடகருக்காக அந்தச் சிரமத்தைப் படுவார்கள். கூட ஆடும் பெண்ணுக்குத் தொல்லையே இல்லை, அவளுக்குத்தான் பாட்டில் ஒரு வரியும் கிடையாதே.

ஒருமுறை ஒரு தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, முகம் வருகிற துண்டு நீளமாக இருக்கிறது, குறைத்துவிடுங்கள், தாளம் தொய்கிறது" என்றான். அந்தப் பெண் கால் வழுக்கி, சமாளித்துக்கொண்டு சிரித்த இடம் அது. மொத்தப் பாட்டிலும் உயிருள்ள இடம் அதுதான் என்று நான் வாதாடிப் பார்த்தேன். பாதிதான் தப்பியது.

லோரா மல்வி என்ற பிரித்தானிய ஆய்வாளர் 1975இல் எழுதிய கட்டுரையில், ஹாலிவுட் படங்களில் ஆண் பார்க்கிறவனாகவும் பெண் பார்க்கப்படுகிறவளாகவும் இருப்பதைப் பிட்டுப்பிட்டு வைத்தார். பெண்ணைக் காட்சியாக நிறுத்தும்போது கதை நின்றுபோகிறது என்றும் சொன்னார். நான்கு நிமிடப் பாட்டில் நின்றுபோவதற்குக்கூடக் கதை இல்லை.

ஆசையைப் பாடுவது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. மாசி மாதம் கம்பம் நட்டுக் காமனுக்கே கூத்து நடத்துகிற சனம் நாங்கள். அந்தக் கூத்தில் ரதியாக வேடம் கட்டுவது காலங்காலமாக ஆண்கள். மீசையை மழித்து, சீலை கட்டி, சலங்கையோடு வரும் அந்த ரதியை ஊரே கண்கொட்டாமல் பார்க்கும். அழகாகத்தான் ஆடுவாள், குலுக்கலும் உண்டு. ஆனால் சிவன் காமனை எரித்த பிறகு அவள் மாரடித்து அழுது புருஷனுக்காக முறையிடும்போது லயத்துப் பெண்களும், தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், சேர்ந்து அழுவார்கள். ரதிக்குக் கதையில் வேலை இருக்கிறது, அவளுக்கென்று ஒரு துக்கம் இருக்கிறது. வீடியோவில் வரும் பெண்ணுக்கு இதில் எது இருக்கிறது?

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மலையகத்துக்குப் பாட்டு எடுக்க வருகிறவர்களுக்குத் தேயிலைச் சரிவும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் கட்டாயம் வேண்டும். முதுகில் தொங்க வேண்டிய கூடையைக் குடம் போல இடுப்பில் வைத்து, இறுக்கமான ரவிக்கையோடு ஒருத்தியை நிறுத்துவார்கள். என் அம்மா கொழுந்து எடுத்தவர். ஆண்களின் முழுக்கைச் சட்டை, இடுப்பைச் சுற்றிப் படங்கு என்கிற முரட்டுத் துணி, தலையில் துணி, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ வரை நிறுத்துக் கொடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும், குறைந்தால் அரைப் பேர். 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை போராட வேண்டியிருந்த பெண்களின் வேலை, பாட்டில் ஒரு வேடமாகிவிடுகிறது.

"பார்க்காமல் விடலாமே" என்கிறீர்கள். இங்கே தனியார் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சாரதிக்குப் பின்னால் திரை, சத்தம் காதைப் பிளக்கும். பாடசாலை விட்டு ஏறும் பிள்ளைகள் நெரிசலில் அதற்குக் கீழேதான் நிற்பார்கள். பெரிய இசை நிறுவனங்களோடு சேர்ந்து பிரித்தானியாவில் 2014இல் இணைய இசை வீடியோக்களுக்கு வயது முத்திரை இடத் தொடங்கினார்கள். பஸ் திரைக்கு முத்திரை ஏது? ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 90 வீதமான பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். பொலிஸுக்குப் போனவர்கள் 4 வீதம்தான். பாட்டுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அதே பஸ்ஸில் அந்தத் திரை தேவையா என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கண்ட தீர்வு வேறு: திருவிழா மேடையில் பெண் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடக்கூடாது. பையன்கள் அதே பாட்டுக்கு ஆடலாம், கீழே நின்று விசிலும் அடிக்கலாம். யாரோ எடுத்த படத்துக்கு வீட்டுப் பிள்ளையின் காலைக் கட்டுவது!

தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திரையை அணைத்துப் பாட்டை மட்டும் ஒலிக்கவிடுங்கள் என்று நடத்துனர்களிடம் சொல்லியிருக்கிறேன். சிலர் முறைப்பார்கள், சிலர் அணைத்துவிடுவார்கள். வீடியோ எடுக்கும் தம்பிமாருக்கும் ஒன்று: கொழுந்து பறிக்கும் பெண் வேண்டுமென்றால் பறிக்கிறவர்களையே கேளுங்கள். அன்றைய பேர் போய்விடும் என்பார்கள். அந்தச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேமராவை வையுங்கள்.